மட்டம் ஏற்றுதல்

அமெரிக்காவிலிருந்து நண்பன் போனில் பேசினான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்தவன், எங்களுக்குப் பக்கத்துச் சேரிக்காரன். "பேஸ்மென்ட்ட நானே முடிச்சிட்டன்டா. ஆளே வைக்கல" என்றான். ஆறு மாதம் சனி, ஞாயிறெல்லாம் அதே வேலையாம். சுவருக்குப் பலகை அடித்து, தரை போட்டு, விளக்கு மாட்டி, அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "நாங்களும் எங்க பேஸ்மட்டத்துக்கு ஆள் வைக்கலடா" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் நாங்கள் பேசியது ஒரே பொருளைப் பற்றியல்ல.

குளிர் தேசங்களில் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து மண் உப்பிவிடும். அதனால் அந்த உறைபனி எட்டாத ஆழத்தில் அஸ்திவாரம் போடுகிறார்கள். அவ்வளவு தோண்டியபின் அதை ஏன் வீணாக்குவது என்று தரைக்கடியில் ஓர் அறை. அதுதான் அவன் சொன்ன பேஸ்மென்ட். நம் பக்கத்தில் பேஸ்மட்டம் தரைக்கு மேலே நிற்பது. வானம் தோண்டி, கடக்கால் எழுப்பி, உள்ளே மண் நிரப்பி, வீட்டின் தரையைத் தெருவிலிருந்து தூக்கி நிறுத்துவது. இங்கிலீஷ்காரன் சொல்லை நம் கொத்தனார்கள் வாங்கி, வாலை வெட்டி, 'மட்டம்' சேர்த்துவிட்டார்கள். மட்டம் என்றால் சமம். ரசமட்டம் வைத்துப் பார்ப்பது அதைத்தான். மட்டம் என்றால் தாழ்வு என்றும் பொருள். 'மட்டமான ஆளு' என்று எங்களைச் சொல்வது அந்தப் பொருளில்தான். ஒரே சொல்லில் சமமும் தாழ்வும் எப்படிக் குடியிருக்கின்றன? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

எங்கள் ஊர் கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், புதுச்சத்திரம் தாண்டி உள்ளே போக வேண்டும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரையேறியபோது எங்கள் கூரை பறந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் தார்ப்பாய்க்கடியில் கிடந்தோம். 2014இல் அரசாங்க வீட்டுத் திட்டம் ஒன்றில் பெயர் வந்தது.

இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985-86இல் தொடங்கியபோது தலித்துகள், பழங்குடிகள், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காகவே தொடங்கியது. குறைந்தது 20 சதுர மீட்டர் வீடு. 2016இல் அது பிரதமர் பெயரிலான திட்டமாக மாறியபோது 25 சதுர மீட்டர் ஆயிற்று. காண்ட்ராக்டர் கூடாது, பயனாளியே கட்டிக்கொள்ள வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை. கொள்ளையைத் தடுக்கிற நல்ல விதிதான். ஆனால் இந்த 'தானே கட்டிக்கொள்வதில்' உழைப்புக்கு என்ன விலை? நண்பன் தன் கையால் செய்த வேலை அவன் வீட்டின் சந்தை விலையை ஏற்றுகிறது, அவனுக்கு ஓய்வாகவும் இருக்கிறது. என் அம்மா செய்த வேலைக்கு 'பயனாளி பங்கு' என்று பெயர். பேஸ்மட்டம் முடித்துக் காட்டினால்தான் முதல் பில் கையில் வந்தது. அதுவரை வட்டிக்காசு. இரண்டு பேரும் தாங்களே செய்தார்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிட முடியுமா?

தன் வேலையைத் தானே செய்வது உயர்ந்தது, உடலுழைப்பு புனிதமானது என்று நமக்கு நிறையப் பேர் உபதேசம் செய்திருக்கிறார்கள். எங்களுக்கு உழைப்பு என்றைக்கும் குறைவாக இருந்ததில்லை. உழைப்பு எங்களுடையதாக இல்லை என்பதே பிரச்சினை. சாதி என்பது வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாகப் பிரித்து வைப்பது என்று 1936லேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். அதைக் கட்டிட வேலை நடக்கிற இடத்தில் கண்ணால் பார்க்கலாம். மேஸ்திரி, கொத்தனார், பெரியாள், கடைசியில் சித்தாள். அம்மா இருபது வருஷம் சித்தாள். கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் எத்தனையோ வீடுகளுக்குப் பாண்டு சுமந்தவள். கொத்தனாருக்கு என்ன தெரியுமோ அதெல்லாம் அவளுக்கும் தெரியும். ஆனால் கரணையைத் தொட்டதில்லை. தொடவிட்டதில்லை.

எங்கள் மண் களி. கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். அதன்மேல் அப்படியே சுவர் வைத்தால் விரிசல் விடும். அம்மாதான் சொன்னாள்: களியை வெட்டி வெளியே கொட்டு, அடியில் மணலை நிரப்பி தண்ணி உட்டுக் கெட்டிப்படுத்து. நானும் தம்பியும் தோண்டினோம். அம்மா நூல் கட்டினாள், தூக்குக்குண்டு பிடித்தாள், பிறகு கரணையைக் கையில் எடுத்தாள். "இத்தினி வருசம் ஊரான் வூட்டுக்கு மட்டம் தூக்கினன். எனக்கு ஒரு மட்டம் போட்டுக்கத் தெரியாதா?" கோணல் இல்லாமல் எழுந்தது சுவர். ஆக, கூலி இல்லாத அதே வேலையில்தான் அவளுக்கு முதல்முறையாகக் கரணையும் கிடைத்தது. சுரண்டலும் விடுதலையும் ஒரே பாண்டில் கலந்து வந்தன. இதில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்கிறவரை நான் நம்பமாட்டேன்.

எவ்வளவு உயரம் தூக்குவது என்ற பேச்சு வந்தது. அம்மா மூன்றடி என்றாள். ஊர்த்தெரு திண்ணைகள் அந்த உயரம். எங்கள் தாத்தா காலத்துக் குடிசைக்கு மட்டமே கிடையாது, குனிந்து நுழைய வேண்டும். அதற்குக் காரணம் வறுமை மட்டுமில்லை. மனை மிராசுதாருடையது. கூலி அதிகம் கேட்டால் மனையைக் காலி பண்ணு என்பார்கள். நாளைக்கே துரத்தப்படலாம் என்கிறவன் எதற்குக் கடக்கால் போடுவான்? குடியிருக்கும் மனை உழைப்பவனுக்கே சொந்தம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1971இல். அதற்கு மூன்று வருஷம் முந்தி, 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டதற்காக வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டபோது அதன் முதல் வேலையே ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவது. தீப்பிடிக்காத வீடு! வேறு எந்தச் சாதிக்காவது இப்படி ஒரு தேவை எழுந்ததுண்டா? அப்படிக் கட்டினாலும் விட்டார்களா? 1995இல் கொடியங்குளத்தில், 2012இல் தர்மபுரி நத்தம் காலனியில், நாம் சம்பாதித்துக் கட்டிய நல்ல வீடுகள்தான் குறி. கூரை தாழ்ந்திருந்தபோது வராத கோபம் மட்டம் ஏறியபோது வந்தது. ஆகவே மூன்றடி என்று அம்மா சொன்னதில் வீம்பும் இருந்தது, நியாயமும் இருந்தது.

இதுவரை சொன்னது நாம் சுலபமாகப் பேசுகிற பகுதி. இனிமேல் வருவது சுலபமில்லை.

2015 நவம்பரில் கடலூர் மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தது. பெரியகாட்டுப்பாளையம், விசூர்ப் பக்கமெல்லாம் உயிர்கள் போயின. ஊர்த் தண்ணி வழக்கம்போல் சேரிக்கு வடிந்து வந்தது. எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு நுழையவில்லை. மூன்றடி மட்டத்தில் மோதிய தண்ணீர் திரும்பி, பின்னாலிருந்த குடிசைக்குள் போயிற்று. அது ஒரு புதிரை வண்ணார்க் கிழவியின் குடிசை. எங்கள் துணியை வெளுத்தவர், எங்கள் வீட்டுச் சாவுகளுக்குச் செய்தவர், எங்கள் வாசலில் ராச்சோறு வாங்கியவர். என் அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனால் என் அம்மாவை 'அம்மா' என்று கூப்பிடுவார். நாங்கள் அவரை 'வாங்க' என்று சொன்னதேயில்லை. பொடிப்பசங்கள்கூட 'வா, போ'தான்.

நனைந்த பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார். "ஒங்க மட்டம் ஒசந்ததுல குத்தமில்ல சாமி. தண்ணிக்கு ஒரு வழி உட்டிருக்கலாம்."

'சாமி' என்றது என்னை. ஊர்த்தெருவில் யாரையும் இனி அப்படிக் கூப்பிடக்கூடாது என்று கூட்டம்போட்டுப் பேசியவன் நான். அன்றைக்குப் பதில் சொல்ல வாயில்லை. இந்து சமூகம் படிக்கட்டே இல்லாத அடுக்குமாடிக் கோபுரம் என்று 1920இல் மூக்நாயக் முதல் இதழில் அம்பேத்கர் எழுதினார். அந்தக் கோபுரத்தில் நாம் கடைசித் தளம் என்று சொல்லியே பழகிவிட்டோம். நமக்குக் கீழே ஒரு தளம் ஈரத்தில் கிடந்தது. 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது, இதையெல்லாம் எழுதினால் ஒற்றுமை கெடும் என்று நம்மில் சிலர் வாதாடினோம். எழுதாததால் கெடாமல் இருந்ததா ஒற்றுமை?

உயரக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 'நீ உயர்ந்தால் இன்னொருவனுக்குக் கஷ்டம்' என்று ஆண்ட சாதிகள் நமக்குப் புத்தி சொல்வது ஏமாற்று. அவர்கள் திண்ணைத் தண்ணீர்தான் நூற்றாண்டுகளாக நம் வாசலில் நிற்கிறது. நான் கேட்பது வேறு: மட்டம் ஏற்றுகிறவன் தண்ணீர் எங்கே போகும் என்று முதலில் பார்த்தானா? இது கொத்தனார் அறிவு, நீதியும் இதுதான். நண்பனிடம் கேட்டேன், அங்கேயும் முதல் வேலை தண்ணீரைப் பார்ப்பதுதானாம். "மோட்டர் வச்சிருக்கேன், வெளிய தள்ளிடும்" என்றான். வெளியே என்றால் எங்கேடா என்றேன். வடிகாலுக்கு என்றான். அங்கே வடிகாலைப் பொதுச் செலவில் முன்பே போட்டு வைத்திருக்கிறார்கள். சேரியில் அதையும் நாமேதான் வெட்ட வேண்டும்.

வெட்டினோம். அம்மா எங்கள் மனையிலிருந்து ஒன்றரை அடி ஒதுக்கினாள். பெரியப்பா சத்தம் போட்டார்: "வண்ணாத்திக்கோசரம் மனைய வெட்டறியா?" அம்மா மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. "ஊரான் நம்மள சொன்ன வார்த்தைய நீ சொல்லாத மாமா" என்றாள். இப்போது தண்ணீர் வாய்க்காலுக்குப் போகிறது. அந்தக் கிழவியை அம்மா 'அக்கா' என்று கூப்பிடுகிறாள். அவர் இன்னும் பழையபடி 'அம்மா' என்றுதான் சொல்கிறார். எங்கள் வீட்டுப் படியேறச் சொன்னால் கீழ்ப்படியில் உட்காருகிறார்.

அவர் குடிசைக்கு இன்றும் மட்டம் இல்லை. புறம்போக்கு, பட்டா கிடையாது, பட்டா இல்லாமல் எந்தத் திட்டத்திலும் பெயர் வராது. மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பட்டா வந்தால் மூன்றடிதான், எங்கள் மட்டத்துக்குச் சரியாக. நூல் கட்ட அம்மா தயாராக இருக்கிறாள். மண் சுமக்க ஆள் வேண்டும்.