திரையில் கேட்கும் இழிசொல்



2024-ம் ஆண்டு ஜூலை மாதம் தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சினிமாவிலும் மேடைப் பேச்சிலும் நகைச்சுவையிலும் "சண்டாளன்" என்னும் சொல்லைப் பிரயோகிக்கலாகாது என்பது அதன் சாரம். நம் வீடுகளில் பிள்ளைகளைத் திட்டும்போது வெகு சாதாரணமாக வாயில் வருகிற சொல் அது. அரசாங்கப் பட்டியலில் உள்ள ஒரு சாதியின் பெயர் அது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அப்படியானால் இத்தகைய சொற்களைப் படங்களிலிருந்து அடியோடு நீக்கிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எந்த இனத்தாரையும் மதத்தாரையும் இகழும் சொற்களுக்கு இடம் தரலாகாது என்று தணிக்கை விதிகளும் கூறுகின்றன. ஆனால் விஷயம் அத்தனை எளிதன்று.

நம் வடபழனி ஏ.வி.எம். நிறுவனத்தார் 2007-ல் வெளியிட்ட "சிவாஜி" படத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பெண்களுக்குக் கரிய வர்ணம் பூசி, அவர்களைக் கண்டதும் கதாநாயகன் மிரண்டு ஓடுவதை வேடிக்கையாகக் காட்டினார்கள். அவர்களுக்கு இட்ட பெயர்களோ அங்கவை, சங்கவை. வள்ளல் பாரியின் புதல்வியர் பெயர்கள்! கத்தரிக்கத்தக்க சாதிப் பெயர் எதுவும் அந்த வேடிக்கைக்குத் தேவைப்படவில்லை. தியேட்டரே சிரித்தது. "பெண் கொஞ்சம் நிறம் மட்டு" என்று வரன் தட்டிப்போன வீட்டுப் பெண்ணும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்திருப்பாள்.

2018-ல் மாரி செல்வராஜ் இயக்கிய "பரியேறும் பெருமாள்" இதற்கு நேர்மாறு. திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் சேரும் கிராமத்து வாலிபன் சாதியின் பேரால் படும் அவமானங்களைச் சொல்லும் படம் அது. இத்தகைய படத்தில் வசையை ஊமையாக்கினால் லாபம் யாருக்கு? வைதவனுக்குத்தான். அவன் என்ன சொன்னான் என்பது மறைந்துபோகும்; அடிபட்டவன் மாத்திரம் காரணமின்றி அழுபவனாகத் தெரிவான்.

ஆகவே, சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்தக் காட்சி நம்மை யார் பக்கத்தில் நிறுத்துகிறது, யாரைப் பார்த்துச் சிரிக்கச் செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். கொலையைப்பற்றிப் பேசின அதே மூச்சில் சேசுநாதர் சுவாமி சகோதரனை இழிசொல்லால் அழைப்பதையும் கண்டித்தார் என்பதைக் கவனியுங்கள்.

நல்ல நோக்கமுள்ள படமானாலும் அந்தச் சொல் காயப்பட்டவனை மறுபடியும் குத்தாதோ என்று கேட்பவர்கள் உண்டு. குத்தும். அதை நான் மறுக்கவில்லை. திரையில் கேட்ட வசையை மறுநாள் பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பார்க்கும் பையன்களும் உண்டு. சினிமாக்காரர்கள் அந்தச் சொல்லை அளந்து செலவழிக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். கதைக்கு வேண்டியது ஒருமுறையானால் பத்துமுறை கேட்க வைப்பது வியாபாரம்.

"பரியேறும் பெருமாள்" படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா? சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். அதில் கொடிய அடியும் கொலையும் வருகின்றன. பதினைந்து வயது கடந்தவர்களானால், பெற்றோரும் கூடவே உட்கார்ந்து பாருங்கள். அந்தச் சொல் வரும்போது யாரும் எழுந்துபோக வேண்டாம். படம் முடிந்ததும், நம் வீட்டில் யார் அப்படிப் பேசுகிறோம் என்று பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லுங்கள்.