முக மதிப்பு

செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு மாதம் ஒருமுறை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார். பென்ஷனை எண்ணி வாங்கிக்கொண்ட பிறகும் கவுன்ட்டரை விட்டு நகராமல், ‘புதுக் காசு ஏதாவது வந்திருக்கா தம்பி?’ என்று கேட்பார். நாணயம் சேர்ப்பவர். 2022 டிசம்பரில் ஒரு நாள் அவரிடம், ‘இன்னும் வரலை சார்’ என்றேன். வந்திருந்தது. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது.

நாணயம் சேர்ப்பவர்களின் குறைகளை வெகுநாள் நான் பொருட்படுத்தியதில்லை. அவர்கள் கோபத்துக்கு நல்ல உதாரணம், புதிய பாராளுமன்றக் கட்டடத் திறப்பையொட்டி 2023 மே மாதம் வெளியிடப்பட்ட 75 ரூபாய் நாணயம். எடை 35 கிராம், பாதி வெள்ளி. அன்றைய நிலவரப்படி அந்த வெள்ளி ஏறக்குறைய 1,300 ரூபாய் பெறும். அரசு நாணயச்சாலை அதை விற்றதோ 3,000 ரூபாய்க்கு மேல். முகத்தில் பொறித்திருப்பது 75. இந்த மூன்று எண்களில் எது அதன் மதிப்பு? காசின் மதிப்பு இயற்கையில் இல்லை, மனிதர் ஏற்படுத்திக்கொண்ட வழக்கத்தில் இருக்கிறது என்றார் அரிஸ்டாட்டில். கிரேக்க மொழியில் காசுக்கும் சட்டத்துக்கும் ஒரே வேர் என்பதையும் அதற்குச் சான்றாகச் சொன்னார். சட்டம் செய்பவனே, தான் பொறித்த எண்ணைப் போல் நாற்பது மடங்கு கேட்டால் அந்த வேர் என்ன ஆகிறது?

தமிழ்நாட்டுக் கடைகளிலும் பஸ்களிலும் 10 ரூபாய் நாணயத்தைக் கையால் தொடாத காலம் ஒன்று இருந்தது. 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவிக்க வேண்டியிருந்தது. முக மதிப்புக்குக் கொடுத்தால் வாங்க ஆளில்லை. நாற்பது மடங்குக்கு விற்றால் வாங்க வரிசை நிற்கிறது. இதில் அநியாயம் எங்கே என்று கேட்டுக்கொண்டால், விலையில் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. நினைவு நாணயம் அரிசி அல்ல. அது இல்லாமல் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. விலை பிடிக்காதவன் வாங்காமல் இருந்துவிடலாம்.

ஆனால் இவர்கள் பேச்சைக் கூர்ந்து கேட்டால் விலைக்கு அடியில் வேறொரு குறை கேட்கிறது. விற்பனை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, எவன் கைக்கு முதலில் போனது என்பது தெரிவதில்லை. நாணயச்சாலையில் தீர்ந்துவிட்டது என்று கேள்விப்படும் அன்றே வியாபாரியிடம் இரட்டை விலைக்கு இருக்கிறது. வாங்குபவன் கொடுப்பது வெள்ளிக்கான விலை அல்ல, காசு புறப்படும் இடத்துக்கும் தனக்கும் உள்ள தூரத்துக்கான விலை. இது எனக்குத் தர்க்கத்தால் தெரிந்ததல்ல.

சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டுச் சின்னம் பொறித்த 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்கள் 2022 ஜூனில் வெளியாயின. இவை புழக்கத்துக்கானவை, அதிக விலை கிடையாது. டிசம்பரில் எங்கள் கிளைக்கு அந்த 20 ரூபாய் நாணயம், பன்னிரண்டு பக்கமுள்ளது, ஒரு பை வந்தது. நான் இருபது காசு எடுத்துக்கொண்டு 400 ரூபாய் வைத்தேன். மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் மறுநாள் ஒரு பெரிய கடைக்காரருக்குச் சில்லறையாகப் போய்விட்டது. மாலையில் கணக்கு ஒரு பைசா பிசகாமல் நேராயிற்று. அந்த வாரம்தான் ஆசிரியர் வந்தார்.

அவரிடமிருந்து நான் எதை எடுத்தேன்? பணத்தை இல்லை. குறிப்பிட்ட எந்தக் காசும் அவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. திருட்டு என்ற சொல் பொருந்தவில்லை. பேரேட்டில் இதற்குப் பத்தி கிடையாது. அவருக்கு இருந்தது வரிசையில் ஓர் இடம், கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு, இவ்வளவுதான். இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் நண்பர் ஒருவருடன் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனேன். கடற்கரைக் கோவிலுக்குப் போகும் வழியில் ஒருவன் துணி விரித்துப் பழங்காசு விற்றுக்கொண்டிருந்தான். ‘பல்லவர் காலம் சார், 500 ரூபாய்’ என்றான். பல்லவர் காசில் காளை இருக்கும், சிலவற்றில் இரட்டைப் பாய்மரக் கப்பலும் இருக்கும். இவன் நீட்டியது பச்சை பிடித்த கம்பெனிக் காசு. நண்பர் பேசி 50க்குக் கொண்டுவந்தார். பொய்தான். ஆனால் அவன் பொய்யைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்கலாம், பேரம் பேசலாம், எறிந்துவிட்டும் போகலாம். என் பொய் கண்ணாடிக்குப் பின்னால், மேஜை அறைக்குள் இருந்தது. அவர் அதைத் தொட வழியில்லை. திரும்பும்போது பஸ்ஸில் எனக்குப் பேச்சு ஓடவில்லை.

பிப்ரவரியில் அவர் வந்தபோது ஒரு காசை எடுத்து வைத்தேன். புரட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ‘என்ன தரணும்?’ என்றார். ‘20 ரூபாய்தான் சார்.’ இரண்டு 10 ரூபாய் நாணயங்களை எண்ணி வைத்தார். அதிகம் கேட்பேன் என்று நினைத்திருந்தாரோ என்னவோ, கைகூப்பினார். பிறகு சாதாரணமாக, ‘எப்போ வந்தது?’ என்று கேட்டார்.

‘நேத்துதான்’ என்றேன்.

நாணயச்சாலை நாளைக்கே விலையைக் குறைத்துவிடலாம். அது நான் அவரிடம் 20 ரூபாய் வாங்கிக்கொண்ட மாதிரி நியாயமாக இருக்கும். காசு எப்போது வந்தது, யாருக்குப் போனது என்ற கேள்விக்கு அப்போதும் பதில் சொல்லியாக வேண்டும்.