விருந்தாளியின் அறம்

விருந்தோம்புகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தர ஆள் உண்டு, நூல் உண்டு. குறளில் ஒன்பதாம் அதிகாரமே அதற்குத்தான். வந்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இரண்டு அதிகாரம் தள்ளிச் செய்ந்நன்றி அறிதல் வருகிறது. ஆனால் நன்றி என்பது பெற்றுக்கொண்ட பிறகு மறக்காமல் இருப்பது. இலையின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, இன்னொருவர் கூரையின் கீழ் படுத்திருக்கும்போது நமக்கு என்ன கடமை? அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் தங்கிச் சாப்பிட்ட நாட்களில் இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

மெஸ் நடத்திய குடும்பத்தில் பிறந்தவள் நான். பரமக்குடியில் அப்பாவின் மெஸ்ஸில் மத்தியானம் பந்தி நிற்காது. ஒரு வரிசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும், அவர்கள் முதுகுக்குப் பின்னால் அடுத்த வரிசை நிற்கும். காசு வாங்கிக்கொண்டு போடுகிற சோறு விருந்தாகுமா என்று பள்ளியில் யாரோ கேட்டதை வீட்டில் வந்து சொன்னபோது அப்பா சண்டைக்கு வரவில்லை. காசு அரிசிக்கும் விறகுக்கும்தான், இரண்டாம் தடவை சாம்பாருக்குக் கூப்பிடுவதற்கு யாரும் காசு தருவதில்லை என்றார். அவர் கோபப்படுவது ஒன்றுக்குத்தான். சாப்பிட்டு முடித்து, கையும் காய்ந்துபோய், பின்னால் ஆள் நிற்பது தெரிந்தும் பேசிக்கொண்டே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது.

மகள் டூசானில் உள்ள பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறாள். அவள் குடியிருப்பு சின்னது என்பதால் பாரியோ வியேஹோ என்கிற பழைய குடியிருப்பில் ஒரு விடுதியில் எனக்கு அறை எடுத்தாள். வெயிலில் காயவைத்த மண்கல்லால் கட்டிய வீடு. சுவர் ஒரு முழத்துக்கும் மேல் தடிமன். வெளியே ஜூன் மாத வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போதும் உள்ளே கையை வைத்தால் சுவர் குளிர்ந்திருக்கும். வீடுகள் தெருவை ஒட்டியே நிற்கின்றன, நடுவில் முற்றம். காலையில் ஒரு தட்டளவு அகன்ற மெல்லிய கோதுமை டார்ட்டியாவும், தெப்பரி அவரையும், பட்டாணிகூட ஆகாத அளவுக்கு உருண்டையான ஒரு சிவப்பு மிளகாயும் வைத்தார்கள். அதன் பெயர் சில்டெபின். விதைக்க வேண்டியதில்லை, மலைச்சரிவுகளில் மரநிழலில் தானே முளைக்கும் காட்டு மிளகாய். விரலால் நசுக்கி அவரைமேல் தூவினேன். காரம் சட்டென்று ஏறி, அதே வேகத்தில் இறங்கிவிட்டது. உருண்டை முண்டு மிளகாய் விளையும் ராமநாதபுரத்துக்காரிக்கு அந்தத் தட்டு அந்நியமாக இல்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதானே நம் அடுப்புக்கு வந்தது!

விடுதியை நடத்துபவர் மெக்சிகோ வழிவந்த அம்மாள். அந்தத் தெருவின் அழகைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தபோது பொறுமையாகக் கேட்டார். பிறகு, "என் பாட்டி வீட்டைப் பார்க்க வேண்டுமானால் மாநாட்டு அரங்கத்தின் கார் நிறுத்துமிடத்துக்குப் போக வேண்டும்" என்றார். 1960-களின் இறுதியில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் இந்தக் குடியிருப்பின் பெரும்பகுதியை இடித்தார்கள். 1971-ல் மாநாட்டு அரங்கம் திறந்தது. தப்பிய மண்வீடுகள் இப்போது விலையுயர்ந்தவை, என்னைப் போல வருகிறவர்கள் ரசித்துத் தங்குபவை. அன்று மத்தியானம் அந்தச் சுவரின் குளிர்ச்சியை என்னால் வெறும் குளிர்ச்சியாக அனுபவிக்க முடியவில்லை. நான் தங்குவதற்கு இடம் எப்படிக் கிடைத்தது என்று தெரிந்துகொள்வது விருந்தாளியின் முதல் கடமை என்று இப்போது நினைக்கிறேன். தெரிந்தால் வலிக்கும் என்பது தெரியாமல் இருப்பதற்குக் காரணமாகாது.

நகரத்துக்குத் தெற்கே, அந்த மண்ணின் பூர்வகுடிகளான தொஹோனோ ஓதம் மக்களின் நிலத்தில் சான் சேவியர் தெல் பாக் தேவாலயம் நிற்கிறது. வெள்ளை வெளேரென்று, சுற்றிலும் கள்ளியும் மண்ணுமாக. எவுசேபியோ கீனோ என்ற ஏசுசபைப் பாதிரியார் 1692-ல் அந்தக் கிராமத்துக்கு வந்தார். ஓதம் மக்கள் வரவேற்றார்கள், உணவு கொடுத்தார்கள். அவர் கால்நடைகளும் கோதுமை விதையும் கொண்டுவந்தார். மற்றப் பயிர்கள் நிற்காத குளிர்காலத்தில் விளைந்து, பசிமாதங்களுக்குக் கைகொடுத்தது கோதுமை. ஆகவே முதலில் வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை. ஆனால் அவர் பின்னால் நோய் வந்தது, 1775-ல் ஸ்பானியக் கோட்டை வந்தது, 1854-ல் மெக்சிகோவிடம் அமெரிக்கா நிலம் வாங்கிய ஒப்பந்தம் வந்தது. அந்த விற்பனையில் ஓதம் மக்களை யாரும் கேட்கவில்லை. எல்லைக் கோடு அவர்கள் நிலத்தின் நடுவே விழுந்தது. இன்றும் அந்த இனத்தவர் கோட்டுக்கு இரண்டு பக்கமும் வாழ்கிறார்கள்.

இங்கேதான் கேள்வி கடினமாகிறது. "நீ யார், எதற்கு வந்தாய்" என்று கேட்காமல் சோறு போட்டவர்கள் வீட்டையே இழந்தார்கள் என்றால், கேட்டுவிட்டுப் போடுவதுதானே புத்தி? எல்லையில் வேலி வேண்டும் என்பவர்கள் சொல்வதும் இதைத்தான். அதை அலட்சியமாகத் தள்ள என்னால் முடியாது. கேட்காமல் ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் மாவட்டத்தில் கண்ணால் பார்த்து வளர்ந்தவள் நான். சீமைக்கருவேலம் கண்மாயை அடைத்து நிற்பதையும், கரிமூட்டத்துக்கு வெட்ட வெட்ட அது தழைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

அதே இனத்து மரத்தைத்தான் டூசானில் தெருவோரமெல்லாம் பார்த்தேன். மெஸ்கீட் என்கிறார்கள். அதே இலை, அதே முள், அதே மஞ்சள் பூ. ஆனால் இங்கே அது சொந்த மண்ணின் மரம். காய்ந்த நெற்றை முழுதாக அரைத்து மாவாக்குகிறார்கள், அது லேசான இனிப்போடு இருக்கிறது. அதில் செய்த ரொட்டியைச் சாப்பிட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நம் ஊருக்கு அந்த மரம் தானாக வரவில்லை. கொண்டுவந்தார்கள், விதைத்தார்கள். அதைத் தின்னவும் கட்டுப்படுத்தவும் தெரிந்த மக்களை விட்டுவிட்டு மரத்தை மட்டும் கொண்டுவந்தார்கள். தாகத்தோடு வாசலில் வந்து நின்றதல்ல அது. ஓதம் நிலத்தை விழுங்கியதும் தாகத்தோடு வந்தவன் அல்ல. வயிறு நிறைந்த பிறகு பத்திரம் எழுதியவன்தான் அதை விழுங்கினான். இந்த இரண்டு பேரையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் வேலிக்காரர்களின் வாதம் பிசகுகிறது.

பந்தி என்று வைத்துப் பார்த்தால் எனக்கு விளங்குகிறது. டூசான் ஒரு நீண்ட பந்தி. ஒவ்வொரு வரிசையும் உட்கார்ந்து சாப்பிட்டது. சாப்பிட்டதும் எழுந்து அடுத்தவருக்கு இடம்விட வேண்டியவர்கள், எழுந்துபோய் வாசலில் நின்று அடுத்த வரிசையைத் தடுத்தார்கள். விருந்தோம்பிய குற்றம் அல்ல அது, விருந்தாளி செய்த குற்றம்.

இந்த நகரத்து உணவகத்தில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஐஸ் போட்ட தண்ணீர் வரும். பாதி குடித்தால் நிரப்புவார்கள். கொலராடோ ஆற்றிலிருந்து சுமார் 540 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் வழியாக, 800 மீட்டருக்கும் மேல் உயரம் ஏற்றி, நகரத்துக்கு மேற்கே மணலுக்குள் இறக்கி, மறுபடி உறிஞ்சி எடுக்கும் தண்ணீர் அது. ஊருக்கு நடுவே ஓடிய சாண்டா குரூஸ் ஆறு, நிலத்தடி நீரை இறைத்து இறைத்து வற்றிப்போனது. அந்தக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, தெற்கே எல்லையைக் கடந்து நடப்பவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. 2000-க்குப் பிறகு தெற்கு அரிசோனாப் பாலைவனத்தில் கண்டெடுக்கப்பட்ட உடல்கள் 4,000-க்கும் மேல். காரணம் தெரிந்த சாவுகளில் பெரும்பாலும் வெயில், தாகம்.

அவர்களுக்குத் தண்ணீர் வைக்கிறவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். ஹியூமேன் பார்டர்ஸ் என்ற அமைப்பு பாலைவனத்தில் பீப்பாய்களை வைத்து, தூரத்திலிருந்து தெரிய நீலக்கொடி கட்டுகிறது. அதற்கும் முன்னால், 1982 மார்ச் 24 அன்று, பேராயர் ரொமேரோ எல் சால்வடோரில் சுட்டுக்கொல்லப்பட்ட இரண்டாம் நினைவு நாளில், டூசானின் சவுத்சைடு பிரெஸ்பிட்டீரியன் தேவாலயம் தன்னை அடைக்கல இடமாக அறிவித்தது. போதகர் ஜான் ஃபைஃப். கூட நின்றவர் ஜிம் கார்பெட், ஆடு மேய்த்த குவேக்கர் சபைக்காரர். மத்திய அமெரிக்காவின் போர்களிலிருந்து ஓடிவந்தவர்கள் கோயில் தரையில் படுத்துத் தூங்கினார்கள். அரசு உளவாளிகளை அனுப்பி வழக்குப் போட்டது. 1986-ல் எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, சிறைக்குப் போகாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்கள். 2018-ல் ஸ்காட் வாரன் என்ற புவியியல் ஆசிரியர், அஹோ என்ற ஊரில் இரண்டு பேருக்கு உணவும் தண்ணீரும் படுக்கையும் கொடுத்ததற்காகக் கைதானார். முதல் விசாரணையில் ஜூரிகள் ஒருமனப்படவில்லை. 2019 நவம்பரில் டூசான் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

கார்பெட் சொன்ன நியாயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாங்கள் சட்டத்தை மீறவில்லை, அகதிகளைக் காக்கச் சொல்லும் சட்டத்தை அரசுதான் மீறுகிறது, அதை நாங்கள் நிறைவேற்றுகிறோம் என்பது அவர் வாதம். தன் வீட்டுச் சொத்தைத் தானம் செய்கிற பெருமிதம் அதில் இல்லை. இந்தத் தண்ணீர் என்னுடையதல்ல, எனக்கும் யாரோ ஊற்றியது என்ற நினைப்பு இருக்கிறது. நல்ல விருந்தாளியாக இருக்கத் தெரிந்தவர்தான் நல்ல விருந்தோம்பியாகிறார் என்று நான் நம்பத் தொடங்கியது இவர்களைப் படித்த பிறகு.

விடுதியிலிருந்து நடக்கிற தூரத்தில் எல் திராதீத்தோ என்ற சிறு வழிபாட்டிடம் இருக்கிறது. இடிந்த மண்சுவர், முன்னால் வரிசையாக மெழுகுவர்த்திகள், உருகிக் கறுத்த தரை. அது புனிதருக்கு எழுப்பியது அல்ல, பாவிக்கு. கதை பலவிதமாகச் சொல்லப்படுகிறது. ஒரு வடிவத்தில், மாமனார் வீட்டில் இருந்த இளைஞன் மாமியார்மீது காதல் கொண்டு, மாமனார் கையால் வெட்டுப்பட்டு விழுந்த இடம். உண்ட வீட்டின் நம்பிக்கையைக் கெடுத்தவனுக்கும் இந்த ஊர் விளக்கேற்றுகிறது. மன்னிப்பு என்று இதைச் சொல்லிவிடலாம். எனக்கு வேறாகப் படுகிறது. விருந்தாளி தவறியதால் விருந்தோம்பியின் கடமை தீர்ந்துவிடாது என்பதை இந்த மக்கள் சொல்லாமலே செய்துகொண்டிருக்கிறார்கள். இரண்டு கடமைகளும் ஒன்றையொன்று நம்பி நிற்பவை அல்ல. தனித்தனியே முழுமையானவை.

மகள் ஒரு நாள் சவாரோ கள்ளிப்பழம் பறிக்கக் கற்றுத்தரும் இடத்துக்கு அழைத்துப் போனாள். கற்றுத்தந்தவர் ஓதம் மூதாட்டி. செத்த கள்ளியின் விலா எலும்பு போன்ற கழிகளை இணைத்துக் கட்டிய நீண்ட துரட்டி, அதைத் தூக்கி உச்சியில் இருக்கும் பழத்தைத் தட்ட வேண்டும். பழத்தைப் பிளந்தால் உள்ளே ரத்தச் சிவப்பு, எள் போல கறுப்பு விதைகள். சதையை வழித்து எடுத்துக்கொண்டு தோலைத் தூக்கி எறியப் போனேன். மூதாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார். தோலின் சிவந்த உட்புறம் வானத்தைப் பார்க்கும்படி தரையில் வைக்கச் சொன்னார், அது மழையைக் கூப்பிடுமாம். எட்டாத பழங்களுக்குத் துரட்டியை நீட்டியவர்களையும் தடுத்தார். அவை பறவைகளுக்கு. அந்த நிலத்தின் சொந்தக்காரர்கள் என்று யாரையாவது சொல்ல முடியுமானால் அது அவர் இனத்தார்தான். அவரோ அங்கே விருந்துண்ண வந்தவரைப் போல நடந்துகொண்டார்.

திரும்பி வரும்போது காரில் மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது. "நான் வரி கட்டுறேன், வாடகை கட்டுறேன், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துறேன். இன்னும் எத்தனை வருஷத்துக்கு நான் விருந்தாளிம்மா? இங்க 'நல்ல விருந்தாளியா இரு'ன்னு எங்களைப் பார்த்துச் சொல்றவங்க யாருன்னு தெரியுமா?" என்றாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. விருந்தாளியின் அறம் என்பதை, குனிந்து நட, குரலை உயர்த்தாதே என்று புதிதாக வந்தவரை அடக்கும் பிரம்பாக்கிவிடலாம். அப்படித்தான் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். "உன்னை விருந்தாளி என்கிறவர் தன்னையும் விருந்தாளி என்று சேர்த்துச் சொல்லாதவரைக்கும் நீ அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம்" என்றேன். அவள் விடவில்லை. "சரி, பந்தியில் முதல்ல எழுந்திருக்க வேண்டியது யாரு?" என்றாள். சாப்பிட்டு முடித்தவர் என்றேன். முடித்தவர் தானாக எழுந்ததற்கு ஓர் உதாரணம் சொல்லச் சொன்னாள்.

இந்த ஊரையே சொன்னேன். மக்கள்தொகை இவ்வளவு கூடியும், 1980-களில் செலவழித்ததைவிட அதிகமாக டூசான் நகரம் தண்ணீர் செலவழிக்கவில்லை. புல்வெளிகளைப் பிடுங்கினார்கள், முற்றத்தில் மழைநீரைப் பிடிக்கிறார்கள், சுத்திகரித்த கழிவுநீரால் மரம் வளர்க்கிறார்கள். ஏற்கெனவே குடியிருந்தவர்கள் குறைத்துக்கொண்டதால்தான் புதிதாக வந்தவர்களுக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. தண்ணீரில் செய்ய முடிந்ததை நிலத்திலும் வேலையிலும் குடியுரிமையிலும் செய்ய முடியாது என்று யார் சொன்னது என்று கேட்டேன். தண்ணீர்க் கட்டணம் ஏறினதாலதான் குறைச்சாங்க, அறத்தினால இல்ல என்றாள் மகள். கட்டணமும் காரணம்தான், அது மட்டுமே காரணம் இல்லை என்றேன். வீடு வந்து சேரும்வரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. வரும் பருவத்தில் தன் மாணவர்களுக்கு இதையே விவாதத் தலைப்பாகக் கொடுக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள்.