கண்ணாடிச் சிறையும் ஜீவகாருண்யமும்

பழவேற்காட்டு ஏரியின் அருகே, மீனை உணவாகவே அறிந்து பழகிய தடா வட்டாரத்தாருக்கு, சென்னைக் கொளத்தூர்ச் சந்தையில் குடுவைக்குள் விற்கப்படும் பிளாக்காட் என்னும் குட்டைவால் சண்டை மீன் வெறும் அலங்காரப் பொருளாகத் தோன்றலாம்; ஆயினும், அழகின் பொருட்டு ஓருயிரை அடைத்துவைப்பது தர்மமா என்ற கேள்வியும் அதனோடு வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

போருக்கென வளர்த்த பழைய பிளாக்காட், வால் 180 பாகை அரைவட்டமாய் விரியும் ஹாஃப்மூன் பிளாக்காட், துடுப்பின் விளிம்பு முட்களாய்ப் பிரிந்த கிரவுன்டெயில் பிளாக்காட் என்னும் பேதங்கள் யாவும் மனித ஆசை சமைத்தவையே. 2019இல் தாய்லாந்து தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகச் சிறப்பித்த இவ்வினம், நீர்ப்பரப்பில் வாய்வைத்துக் காற்றையும் சுவாசிப்பதால், குவளை நீரிலும் உடனே மடிவதில்லை. மடியாதிருப்பதையே சுகமென்று கொள்வது நமது அஞ்ஞானம். பகைவனைக் கண்டால் செவுள் விரித்துச் சீறும் அதே ஆண்மீன், நுரைக்கூட்டிலிருந்து நழுவும் முட்டையை வாயில் ஏந்தி மீண்டும் கூட்டில் சேர்க்கும் வாத்சல்யமும் உடையது.

வள்ளலார் போதித்த ஜீவகாருண்யம் இச்சிற்றுயிருக்கும் உரியதெனின், ஏறத்தாழ 20 லிட்டர் நீர், 25 முதல் 28 பாகை வெப்பம், துள்ளி வெளியே விழாதபடி மூடி, வாரந்தோறும் பகுதி நீர்மாற்றம், ஆணுக்குத் தனித்தொட்டி ஆகியவை தயவல்ல, கடமை. அவற்றை அளிக்க இயலாதவர் வாங்காதிருப்பதே அறம்.