பூட்டும் தவக்குலும்: புதுவீட்டுக்குக் குடிபோகும் முன்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

அன்பிற்குரிய சகோதரர்களே! சென்ற வாரம் இஷாவுக்குப் பிறகு ஒரு சகோதரர் வந்தார். பல வருட வெளிநாட்டு உழைப்பில் ஒரு பழைய வீட்டை வாங்கியிருக்கிறார். குடும்பத்தைக் குடிவைத்துவிட்டு அவர் மீண்டும் பயணம் போக வேண்டும். "ஹஜ்ரத், இரும்புக் கேட், புதுப் பூட்டு, நாலு கேமரா எல்லாம் போடுகிறேன். வாப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அல்லாஹ்வை நம்புகிறவனுக்கு இவ்வளவு எதற்கு என்கிறார்கள். இது ஈமானில் குறையா?" என்று கேட்டார்.

கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்தைப் பாருங்கள். மதீனா மக்காவுக்கு வடக்கே இருக்கிறது. ஆனால் நபியவர்கள் முதலில் போனது தெற்கே உள்ள ஸவ்ர் குகைக்கு. அங்கே மூன்று இரவுகள் மறைந்திருந்தார்கள். பாதை தெரிந்த ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் முஸ்லிமாகக்கூட இருக்கவில்லை. எதிரிகள் குகை வாசலுக்கே வந்துவிட்டபோது அபூபக்ர் (ரலி) அவர்கள் கலங்கினார்கள். நபியவர்கள் கலங்கவில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் செய்த பிறகு உள்ளம் அல்லாஹ்விடம் அமைதியாக இருந்தது. அதுதான் தவக்குல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கச் சொன்னதும் அதே நபிதான்.

எனவே பழைய வீடு வாங்கியவர் முதல் வேலையாகப் பூட்டுகளை மாற்றட்டும். பழைய சாவியின் நகல் யார் யாரிடம் இருக்கிறதென்று விற்றவருக்கே தெரியாமல் இருக்கலாம். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளையும் பழைய வயரிங்கையும் பார்க்கட்டும். இரவில் அல்லாஹ்வின் பெயர் சொல்லிக் கதவைச் சாத்தவும், விளக்கை அணைக்கவும் நபியவர்கள் ஏவினார்கள். எலி திரியை இழுத்து வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று காரணமும் சொன்னார்கள். இன்று நாம் கேஸ் சிலிண்டரை மூடுவதும் அந்த ஏவலுக்குள் வரும். பூட்டுக்குப் பதிலாக வாசலில் பூசணிக்காயையும் தாயத்தையும் தொங்கவிடுவது முன்னெச்சரிக்கையும் அல்ல, தவக்குலும் அல்ல.

ஆனால் சகோதரர்களே, பூட்டுவதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. உள்ளே இருப்பது முழுவதும் நம்முடையதுதானா? வில்லங்கச் சான்று பார்க்கிறோம், பட்டா மாற்றுகிறோம். விற்றவரின் சகோதரிக்கு வாரிசுப் பங்கு போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிறோமா? புதுச் சுற்றுச்சுவர் பக்கத்து மனையில் அரை அடி ஏறவில்லையே? ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக இடப்படும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். அப்படி எழுப்பிய சுவருக்கு மேல் கம்பி வேலி போட்டு எதைக் காக்கப் போகிறோம்?

அடுத்தது கேமரா. நபியவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தார். நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்பது சட்டமாக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று விளக்கினார்கள். நம் கேட்டை நோக்கும் கேமரா நமக்குக் காவல். அதே கேமரா எதிர்வீட்டுத் திண்ணையையும் பக்கத்து வீட்டுப் பெண்கள் துணி உலர்த்தும் மாடியையும் இரவும் பகலும் பதிவு செய்தால், அது அந்தத் துவாரத்தில் வைத்த கண்தான். துருவித் துருவி ஆராய்வதைக் குர்ஆன் தடுத்திருக்கிறது.

புது வீட்டுக்குப் போகிறவர், "இந்தத் தெரு பாதுகாப்பானதா?" என்று விசாரிக்கிறார். அதே நேரம் தெருவில் இருப்பவர்களும், "வருகிறவர் எப்படிப்பட்டவரோ?" என்று யோசிக்கிறார்கள். எவருடைய தொல்லையிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ அவர் ஈமான் கொண்டவராக மாட்டார் என்று நபியவர்கள் மூன்று முறை சத்தியமிட்டுச் சொன்னார்கள். குடிபோன முதல் நாளே இரு பக்கத்து வீடுகளுக்கும் சாப்பாடு கொடுத்தனுப்புங்கள். அவர்கள் எந்த மதத்தவராயினும் சரி. ஆண் துணையில்லாத வீட்டில் நள்ளிரவில் ஒரு சத்தம் கேட்டால் ஓடி வரப்போவது அவர்கள்தான்.

அந்தச் சகோதரரிடம், "பூட்டும் கேட்டும் போடுங்கள். எதிர்வீட்டைப் பார்க்கும் கேமராவைத் திருப்பி வையுங்கள்" என்றேன். "வாப்பா சொன்னதையும் தள்ளிவிடாதீர்கள். எல்லாவற்றையும் பூட்டிய பிறகும் வெளிநாட்டில் படுத்துக்கொண்டு கைப்பேசியில் வாசலையே பார்த்துத் தூக்கம் வராமல் இருந்தால், உள்ளம் பூட்டைக் காவலனாக எடுத்துக்கொண்டது என்று பொருள். அப்போது வாப்பாவின் கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களை ஹலாலான, பரக்கத் நிறைந்த இல்லங்களாக ஆக்குவானாக! நம்மால் அண்டை வீட்டாருக்கும், அவர்களால் நமக்கும் அச்சமற்ற வாழ்வைத் தருவானாக! ஆமீன்.