வினையும் திருநீலகண்டமும்

சைவாசிரியர்காள்!

1934ஆம் ஆண்டில் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாய்த் தேங்க, அவற்றிற் பெருகிய நுளம்பினால் இலங்கையில் மலேரியாச் சுரம் பரந்தது. 1935 முடியுமுன் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். மிகத் துன்புற்ற பகுதிகளுள் கேகாலையும் ஒன்று. இறைவன் நல்லவனாயின் குழந்தைகளும் மடிந்தது என்னையென மாணவன் வினாவின், யாது விடை பகர்வீர்?

ஆணவமலம் அநாதி, இறைவன் படைத்ததன்று. வினையை நுகர்வித்துக் கழிப்பித்தல் அவன் கருணை. இது சித்தாந்தம். ஆயினும், அழுவார் முன்னின்று “உன் வினை” என்றுரைத்து வாளாவிருத்தல் சைவமன்று. திருக்கொடிமாடச் செங்குன்றூரில் அடியாரைப் பனிநோய் பற்றியபோது, திருஞானசம்பந்தப் பிள்ளையார் வினையென்று விடுத்தனரல்லர். திருநீலகண்டப் பதிகம் பாடி நோய் தீர்த்தனர். உயிர்கள் உய்யத் தானே நஞ்சுண்டவன் அடியார்க்கு அதுவே நெறி.

அக்காலத்துக் கேகாலைக் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் சுமந்து சென்ற சூரியமல் இயக்கத்தாருட் பலர் கடவுளைப் பேசாதவர். அவர் கைவழியும் அருளே நிகழ்ந்தது. 2016இல் இலங்கை மலேரியா நீங்கிய நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வினையென்று எல்லாரும் கைகட்டியிருந்தால் இஃது இயலுமோ?

ஆதலின், வினையென்பதைத் தன் துன்பம் பொறுத்தற்குக் கொள்க; பிறர் துன்பத்துக்குக் கை நீட்டுக. மாணவனுக்கு முதல் விடை உங்கள் தொண்டே ஆகுக.

சிவமயம்.