மலிவு வண்டியும் மானமும்

மானம் என்னும் சொல் தமிழில் ஒரு பொருளையும் பாலியில் வேறொரு பொருளையும் தருகின்றது. தமிழர் அதனை உயிரினும் மேலாகக் காக்கவேண்டிய செல்வமென்பர். பகவன் புத்தரோ அதனை அறுத்தெறிய வேண்டிய தளைகளுள் ஒன்றாக வைத்தார். தம்மத்தைத் தழுவிய தமிழராகிய நாம் இவ்விரண்டில் எதனைக் கைக்கொள்வது? இக்கேள்வியை என்னுள் எழுப்பியது யாதொரு நூலுமன்று. இரண்டாம் கையாக வாங்கிய ஒரு சிறு மோட்டார் வண்டி.

அவ்வண்டி 'நானோ'. புனேயிலுள்ள டாட்டா மோட்டார் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் உருப்பெற்று, 2008 ஜனவரி 10-ஆம் நாள் தில்லிக் கண்காட்சியில் உலகிற்குக் காட்டப்பட்டது. மழையில் ஒரே ஸ்கூட்டரில் நெருக்கியடித்துச் செல்லும் குடும்பத்தைக் கண்டதே இவ்வெண்ணத்திற்கு வித்து என்று ரத்தன் டாட்டா கூறினார். விலை ஒரு லட்சம் ரூபாயென அறிவிக்கப்பட்டது. அவ்விலைக்குள் அடக்குவதற்காக 624 சி.சி. கொண்ட இரட்டைச் சிலிண்டர் எஞ்சினைப் பின்புறத்தில் வைத்தனர்; சக்கரமொன்றுக்கு மூன்றே நட்டுகள், கண்ணாடி துடைக்க ஒரே துடைப்பான். (மேற்கு வங்கத்துச் சிங்கூரில் உழவர் நிலத்தின்மேல் எழுந்த போராட்டத்தால் ஆலை குஜராத்தின் சானந்துக்குப் பெயர்ந்ததும், அந்நிலம் எடுக்கப்பட்டது செல்லாதென 2016-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் தனிக் கட்டுரைக்குரியன. அருள் நோக்கத்தோடு தொடங்கும் காரியமும் யாருடைய வயலின்மேல் நிற்கின்றது என்று கேட்கவேண்டியிருக்கின்றது.)

பத்தாண்டுகளில் அவ்வண்டி மறைந்தது. 2018 ஜூன் மாதத்தில் ஒரே ஒரு வண்டிதான் செய்யப்பட்டது. தொடக்கத்தில் சில வண்டிகள் தீப்பற்றியதும், 2014-இல் மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரமும் பெறாததும் காரணங்களே. ஆயினும் 'உலகிலேயே மலிவான கார்' என்று பெயரிட்டதே பெரும்பிழையாயிற்று என்பதை ரத்தன் டாட்டாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஸ்கூட்டரில் நனைந்தவர்கள் இதனை வாங்கவில்லை. நனைந்தாலும் நனைவோம், மலிவானதில் அமரோம் என்றிருந்தனர். மழையைப் பொறுத்துக்கொண்ட மனிதன் அண்டைவீட்டான் பார்வையைப் பொறுக்கவில்லை.

என் தாயார் முழங்கால் நோயினால் ரயில் நிலையப் படிகளை ஏற இயலாதவரானார். கடகியிலிருந்து தேஹு ரோடு விகாரைக்குச் செல்வது ஒன்றே அவர் விரும்பிய பயணம். 1954 டிசம்பர் 25-ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் தம் கையால் பகவன் திருவுருவை நிறுவிய இடமன்றோ அது! ஆகவே 2011-இல் செய்யப்பட்ட நானோ ஒன்றை அதன் முதல் உரிமையாளரிடமிருந்து வாங்கினேன். கடனில்லை. தவணை கட்டிப் பெரிய வண்டியாக வாங்கலாமே என்று உறவினர் சொன்னார்கள். இல்லறத்தான் அடையும் நால்வகை இன்பங்களுள் கடனின்மையையும் ஒன்றாகப் பகவன் அனாதபிண்டிகருக்கு எடுத்துரைத்ததை நினைத்து, அந்த வயதில் ஏழாண்டுக் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்ள நான் உடன்படவில்லை. பொருள் வைத்திருப்பதைப் பகவன் பழித்தாரில்லை என்பதையும் நம்மவர் மறத்தலாகாது. நேர்மையாக ஈட்டுக, ஈட்டியதைக் காக்க, வரவுக்கேற்பச் செலவிடுக என்றே வியாக்கபஜ்ஜருக்கு அவர் உரைத்தார்.

இவ்வளவு அறிந்திருந்தும் நான் தவறினேன். உறவினர் வீட்டுத் திருமணமொன்றில், மண்டபத்து வாயிலிலேயே தம்பி முறையுள்ள ஒருவர் ஓடிவந்து, "அண்ணா, சம்பந்தி வீட்டார் பார்ப்பார்கள், வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிடுங்களேன்" என்றார். தள்ளி நிறுத்தினேன். அதுவன்று என் குற்றம். பந்தியில் ஒருவர் அவ்வண்டியைச் சுட்டிக் கேட்டபோது, "அது என் நண்பருடையது" என்று சொல்லிவிட்டேன். அன்று காலையில்தான் பஞ்சசீலம் ஓதியிருந்தேன். நான்காவது சீலத்தை மாலைக்குள் உடைக்கச் செய்தது எது? பசியன்று, அச்சமுமன்று. மானம்.

இளைஞர் ஒருவரிடம் இதனைக் கூறியபோது அவர் சினந்தார். "ஐயா, தலைமுறை தலைமுறையாக நம்மை நடக்கவிட்டவர்கள் இருக்கின்றார்கள். நாம் ஒரு நல்ல வண்டியில் ஏறும்பொழுதுதானா உங்களுக்கு அடக்கம் நினைவுக்கு வருகின்றது?" என்றார். இது எளிதில் தள்ளத்தக்க கேள்வியன்று. 1901-இல் சிறுவராயிருந்த அம்பேத்கரும் உடன்வந்த பிள்ளைகளும் தந்தையைக் காணக் கோரேகாவ் செல்ல மசூர் நிலையத்தில் இறங்கினர். அவர்கள் மகார் பிள்ளைகளென்று அறிந்ததும் எந்த வண்டிக்காரனும் இசையவில்லை. இறுதியில் ஒருவன், இரட்டைக் கூலி தரவேண்டும், வண்டியைச் சிறுவர்களே ஓட்டவேண்டும், தான் நடந்தே வருவேன் என்று உடன்பட்டான். இப்படி ஏறமுடியாதிருந்த சமூகத்தின் மகன் ஏறி அமர விரும்புவதை ஆணவமென்று எவரும் சொல்லத் துணியலாகாது.

ஆனால் 1929-இல் சாலிஸ்காவில் நிகழ்ந்ததையும் நினைக்கவேண்டும். அங்கும் டோங்கா ஓட்டுபவன் மறுத்தான். தம் தலைவர் நடந்து வருவது தகாதென்று கருதிய மக்கள் டோங்காவை மட்டும் வாடகைக்குப் பெற்று, ஓட்டத் தெரியாத ஒருவரை ஓட்டச் செய்தனர். பாலத்தில் வண்டி சிக்கிற்று; பாபாசாகேப் தூக்கியெறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்தது. தம் மதிப்பைக் காக்க எண்ணி அம்மக்கள் தம் உயிரையே இடருக்குள்ளாக்கிவிட்டனர் என்று அவர் பின்னர் எழுதினார். பழி மறுத்தவனுடையதே. எனினும், மதிப்பு என்பது வண்டியில் இருப்பதாக நாம் எண்ணும்போது எங்கே போய் விழுகின்றோம் என்பதையும் அந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

பகவன் மானத்தை மூவகையாகப் பகுத்தார். நான் மேலானவன் என்பது ஒன்று. நான் நிகரானவன் என்பது ஒன்று. நான் தாழ்ந்தவன் என்பதும் ஒன்று. மூன்றாவதும் மானமே என்பதுதான் வியப்பு. மண்டபத்தில் நான் வெட்கியது பணிவன்று. அதுவும் தன்னைப் பிறரோடு வைத்து அளக்கும் செருக்கின் மறுபுறம். இரண்டாவதைக் கேட்டு நம்மவர் சிலர் திகைப்பர்: நிகரென்று சொல்வதும் தளையானால் நம் சமத்துவப் போராட்டம் என்னாவது? சமத்துவம் என்பது சமூகம் எனக்குத் தரவேண்டிய நடத்தை. அதனைக் கேட்பது நீதி, விட்டுக்கொடுப்பது கோழைத்தனம். மானமோ, என் அண்டைவீட்டான் வாங்கியதைப் பார்த்து என் மதிப்பை நானே நிறுத்துப் பார்ப்பது. பிறப்பென்னும் தராசை உடைக்க வந்தவன் விலையென்னும் தராசைக் கையிலெடுப்பானேன்?

எடுத்தேன் நானும். சாதி ஒரு படிக்கட்டு. மேற்படி தன்னை இகழ்வதைக் கீழ்ப்படி மறப்பது தனக்கும் கீழே ஒரு படி இருப்பதால்தான் என்று பாபாசாகேப் விளக்கினார். அதனைப் புனேயின் சாலையில் நான் கண்டேன். பெரிய வண்டிக்காரன் ஒலியெழுப்பி என்னை ஒதுங்கச் செய்வான், நான் ஸ்கூட்டர்காரரை ஒதுங்கச் செய்வேன், அவர் நடப்பவரை. தாபோடியில் ஒரு மழைநாளில், தேங்கிய நீரைக் கூலிக்காரப் பெண்கள் மூவர்மேல் வாரியிறைத்துக்கொண்டு சென்றேன். கண்ணாடியில் அவர்களைக் கண்டபோது நின்றிருக்கலாம், நிற்கவில்லை. என் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்னவரை மன்னிக்க எனக்கு எளிதாயிற்று. அம்மூவரை நான் மீண்டும் காணவில்லை.

பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19-இல் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்றே பெயரிட்டார். விலையைப் பெயரிலேயே எழுதிவைக்க அவர் கூசவில்லை. ஓராண்டுக்குப்பின் அது 'தமிழன்' ஆயிற்று. 1914-இல் அவர் மறையும் வரை நடந்தது. அதன் தகுதியை நாம் பைசாவால் அளக்கின்றோமா?

தாயார் காலமான பின் வண்டியை விற்க எண்ணினேன். தரகர் ஒருவர் இரண்டு யோசனைகள் சொன்னார்: ஓடிய கிலோமீட்டர் காட்டும் எண்ணைக் குறைத்துவிடலாம், கெட்டியான எண்ணெய் ஊற்றினால் எஞ்சின் ஒலி சில நாள் அடங்கியிருக்கும். ஒருநாள் இரவு முழுதும் அதனை எண்ணிப் பார்த்தேன் என்பதை ஒளிப்பதற்கில்லை. முன்னர் மானத்தால் பொய்யுரைத்தவன், இப்போது ஆசையால் உரைக்க இருந்தேன்.

வாங்க வந்தவர் துணி தேய்க்கும் கடை வைத்திருப்பவர். மனைவியோடும் இரு பிள்ளைகளோடும் ஒரே இருசக்கர வண்டியில் வந்தார். ஏற்றத்தில் எஞ்சின் சூடேறும் என்றேன். பதினைந்தாண்டுப் பதிவு முடிய அதிக காலமில்லை என்றேன். ஏர்பேக் இல்லை, பிள்ளைகளை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் விரைய வேண்டாம் என்றேன். அவர் எட்டாயிரம் ரூபாய் குறைத்துக் கேட்டார். குறைத்தேன். 29, 30 எண்ணுள்ள படிவங்களில் நான் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தபோது, வண்டியை எங்கே நிறுத்துவதென்று அவர் மனைவி கேட்டார். "கடை வாசலிலேதான்" என்றார் அவர்.